பின்னறைக்கு ஒரு கம்ப்யூட்டர்

மார்ச் 4

திருப்புளிக்கு,

அப்பாவுக்கு நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. அவருக்குப் படித்துக் காட்டியது நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டு பக்கம் முழுக்க மலை, மேகம், ராடார், ஜீப், நாய். கடைசியில் 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்'. அக்கா என்று ஒருத்தி இந்த வீட்டில் இருப்பதாக அதில் ஒரு தகவலும் இல்லை. எட்டு மாதம் கழித்து எழுதுகிறவன் ஒரு வரி சேர்த்திருந்தால் மை தீர்ந்துபோயிருக்காது.

ஆனாலும் நன்றி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், திட்ட ஆரம்பித்தால் மறந்துபோகும். அந்த நாய் நீ வேலை செய்யும் ராடார் அறைக் கதவை மூக்கால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும் இடத்தில் அப்பா சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் குலுங்கியது. பக்கவாதம் வந்து பேச்சு போனதிலிருந்து நான் பார்த்த முதல் சிரிப்பு அதுதான். இன்னொரு தடவை படிக்கச் சொல்லி இடது கையால் காகிதத்தைத் தட்டினார். போனைக் காதில் வைத்தால் தள்ளிவிடுகிறவர், உன் கடிதத்தை மட்டும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். அதனால் நீ தொடர்ந்து எழுதத்தான் வேண்டும், எனக்காக இல்லாவிட்டாலும்.

இப்போது விஷயம். இனி உன்னிடம் எதுவும் கேட்பதில்லை என்று இருந்தேன். கேட்கும்படி ஆகிவிட்டது. பழைய கம்ப்யூட்டர் போன வாரம் உயிரை விட்டுவிட்டது. நீ கடைசியாகத் தொட்ட அதே கம்ப்யூட்டர்தான். அதைப் பற்றி இப்போது பேசப்போவதில்லை.

எனக்கு ஒரு படம் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஒரு டைரக்டர் அம்மா எடுத்த ஆவணப்படம். அறுபத்திரண்டு மணி நேரம் படம் பிடித்து வைத்திருக்கிறார். அதை நான் எழுபது நிமிஷமாக வெட்டிக் கோத்து மே 31-க்குள் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் வேறு எடிட்டரிடம் போய்விடும். அந்தக் கல்யாணப் படம் நாசமான பிறகு என்னை நம்பி வேலை கொடுத்த முதல் ஆள் இவர். இதையும் கெடுத்துக்கொண்டால் பிறகு இந்தத் தொழிலில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

லேப்டாப் வாங்கட்டுமா, டெஸ்க்டாப் வாங்கட்டுமா? கடைக்காரரிடம் கேட்டால், எதைக் கைகாட்டினாலும் அதுதான் ரொம்ப நல்லது என்கிறார். எனக்கு லேப்டாப் என்றுதான் தோன்றுகிறது. அப்பா கட்டில் முன்னறையில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தே வேலை செய்யலாம். நான் எழுந்து நகர்ந்தால் போதும், இடது கையைத் தூக்கி முன்னும் பின்னும் ஆட்ட ஆரம்பித்துவிடுகிறார். போகாதே, போகாதே என்று. அதைப் பார்த்த பிறகு எந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது?

சீக்கிரம் எழுது.

கத்தரி


மார்ச் 13

அக்காவுக்கு,

டெஸ்க்டாப்.

இவ்வளவுதான் எழுதி உறையில் போட்டேன். வாரம் ஒரு முறை சாமானும் தபாலும் கொண்டுவரும் ஜீப் டிரைவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள ஏதாவது இருக்கா தம்பி? ஸ்டாம்ப் வேஸ்ட் ஆகுதே" என்றார். அதனால் விளக்கம்.

லேப்டாப்பால் உன் வேலையைச் செய்ய முடியாது என்று சொல்லவில்லை. செய்யும். ஆனால் அத்தனை சாமானையும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் அடைத்திருக்கிறார்கள். சூடு வெளியே போக வழி கிடையாது. அப்பா ஓட்டிய பஸ்ஸில் அவர் ஸீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்து எத்தனை தடவை போயிருப்பேன்! மேடு ஏறும்போது தொடை வெந்துவிடும். கொஞ்ச தூரம் இழுத்த பிறகு அப்பா வேகத்தைக் குறைத்துவிடுவார். லேப்டாப்பும் அப்படித்தான். சூடானால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐந்து நிமிஷப் படம் என்றால் தெரியாது, எழுபது நிமிஷம் என்றால் திணறும். (உனக்கு இந்த உதாரணம் புரியாது. நீ எப்போதும் பின் ஸீட்டில் பையில் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பாய்.)

டெஸ்க்டாப்பில் அதே விலைக்கு இன்னும் பலமான கிராபிக்ஸ் கார்டு கிடைக்கும். ராம் முப்பத்திரண்டு ஜி.பி. போடு, பிறகு போதாவிட்டால் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். பெரிய திரை, கழுத்து வலிக்காது. கரண்ட் போனால் தாங்க ஒரு யு.பி.எஸ்.

அப்பா சிரித்தார் என்று எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை நான் நாலைந்து தடவை படித்தேன். நன்றி. நாய் நலம்.

திருப்புளி


மார்ச் 20

திருப்புளிக்கு,

உன் பதில் மெஷினுக்கு எழுதிய பதில். மனுஷிக்கு எழுதியது கடைசி மூன்று வரிதான்.

டெஸ்க்டாப் நல்லது என்று எனக்குத் தெரியாதா? ஏழு வருஷம் அதில்தானே குப்பை கொட்டினேன். அது என்னோடு எழுந்து நடக்குமா, சொல். காலை ஆறு மணிக்கு அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகைத் துடைக்க வேண்டும். ஏழரைக்குக் கஞ்சி, ஒவ்வொரு ஸ்பூனாக, விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து. பத்து மணிக்கு பிசியோ அம்மா வருவார். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி திருப்ப வேண்டும். ஆள் வைத்துப் பார்த்தேன். அந்த அம்மா ஊட்டினால் அப்பா வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார். டெஸ்க்டாப்பை முன்னறையில் வைக்கவும் முடியாது. இடம் இல்லை என்பது ஒரு பக்கம். நிறம் பார்க்க எனக்கு அறை இருட்டாக இருக்க வேண்டும், அப்பாவுக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டுதான் நாளை ஓட்டுகிறார். அதையும் பிடுங்கிக்கொள்ளவா?

டைரக்டர் அம்மா தன் லேப்டாப்பைக் கொஞ்ச நாள் கொடுத்திருக்கிறார். ப்ராக்ஸி போட்டு வேலை செய்கிறேன். அதாவது, ஒவ்வொரு துண்டுக்கும் தரம் குறைந்த சின்ன நகல் ஒன்றைச் செய்து, அதை வைத்து வெட்டுவது. எல்லாம் முடிந்த பிறகு நகலை எடுத்துவிட்டு அசலைப் பொருத்துவது. வெட்டும்வரை ஓடுகிறது. ஆனால் விசிறி போடும் இரைச்சல் இருக்கிறதே! அப்பா அதை முறைத்துப் பார்க்கிறார். பிறகு என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். இங்கேதானே இருக்கிறேன், போகவில்லை என்று சொன்னால் இன்னும் வேகமாக ஆட்டுகிறார்.

பேசப்போவதில்லை என்று சொன்னதைப் பேசிவிடுகிறேன். இல்லாவிட்டால் உள்ளேயே கிடந்து புளிக்கும். நீ மலைக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், எனக்கு உதவி என்று சொல்லி அந்தக் கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாக்கினாய். கல்யாணப் படத்தின் ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் ஜாக்கிரதையாக எடுத்து வைத்துக்கொண்டு டிஸ்க்கை அழித்தாய். ப்ராஜெக்ட் ஃபைல் என்பது சமையல் குறிப்பு மாதிரிடா. எதை எப்போது எவ்வளவு போடவேண்டும் என்று இருக்கும், காய்கறி அதற்குள் இருக்காது. திறந்து பார்த்தேன். நான் வெட்டிய ஒவ்வொரு வெட்டும் அப்படியே இருந்தது, படம் ஒன்றுகூட இல்லை. திரை முழுக்க 'ஃபைல் இல்லை' என்ற சிவப்பு. இன்னொரு நகல் எடுத்து வைக்காதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் "உங்க கல்யாணம் அழிஞ்சுபோச்சு"ன்னு சொன்னது நான். நீ மறுநாள் விடிந்ததும் ஜீப் ஏறிவிட்டாய்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று எனக்கே தெரியவில்லை. எழுதியதும் பாரம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கத்தரி


மார்ச் 27

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இங்கே நிற்பதற்கு நிறைய இடம் இருக்கிறது.

மன்னித்துவிடு. இதை எட்டு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். எடிட்டிங் எப்படி நடக்கிறது என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த ஃபைல் இத்தனூண்டு இருப்பது ஏன் என்று தெரிந்திருக்கும். ஒரு முழுக் கல்யாணம் எட்டு எம்.பி.க்குள் எப்படி அடங்கும் என்று எனக்கும் தோன்றியது. தோன்றியும் அழித்தேன். மெஷின் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அது இதைவிட மோசம். அன்றைக்கு நீ "இனி இந்த வீட்டுல எதையும் தொடாதே" என்றாய். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அக்கா சொல்லிவிட்டாள், அதனால் வீட்டுப் பக்கம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது எனக்கு வசதியாக இருந்தது. அப்பா படுக்கையில் கிடப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் வாய் கோணிப்போய் ஒரு பக்கமாகக் கஞ்சி வழிந்ததை ஒரு தடவை பார்த்தேன், அன்றைக்கே இந்த வேலைக்கு மனுப் போட்டேன். நீ அதைத் தினம் மூன்று வேளை துடைக்கிறாய்.

உனக்கு நன்றி என்று எழுதினால் போதாது என்று தெரிகிறது. போதாது என்பதற்காக எழுதாமல் இருப்பதும் சரியில்லை. நன்றி அக்கா.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டுவாயா? கஞ்சி வரியை விட்டுவிடு.

திருப்புளி


ஏப்ரல் 9

தம்பி,

முழுக்கப் படித்தேன், கஞ்சி வரியும் சேர்த்து. அவரைப் பற்றி அவருக்குத் தெரியாததா? கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அங்கே இப்போது மூன்று கடிதம். தலையணை மேடாகிவிட்டது என்று பிசியோ அம்மா திட்டுகிறார், அப்பா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். எதையும் தொடாதே என்று நான் சொன்னது கம்ப்யூட்டரை. சொல்லும்போது வாயில் வந்தது வீடு. நீ அதை வசதியாக எடுத்துக்கொண்டாய் என்றால், நானும் திருப்பி எடுக்காமல் வசதியாக விட்டுவிட்டேன். கோபமாக இருப்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. அப்பாமேல் கோபப்பட முடியாது, அம்மா இருந்திருந்தால் அவளிடம் கத்தியிருப்பேன். நீதான் அகப்பட்டாய். மன்னித்துக்கொள்.

படம் நன்றாக வந்துகொண்டிருக்கிறது. ஒரு பெண் ஈரத் துணி மலைக்கு நடுவில் நின்றுகொண்டு, "இந்தப் போர்வையில யார் பொழைச்சாங்க, யார் போனாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. எல்லாத்தையும் ஒரே சோப்புலதான் போடறோம்" என்கிறாள். அந்த இடத்தை வெட்டவே கூடாது என்று வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

ஆனால் இதற்கு மேல் லேப்டாப்பில் நடக்காது. மே மாதம் முழுக்க அசல் படத்தை வைத்து நிறம், சத்தம் எல்லாம் சரிசெய்ய வேண்டும். ஒரு துண்டுக்கு அசலைப் பொருத்திப் பார்த்தேன். நீ சொன்னது போலவே சூடேறித் திணறி நின்றுவிட்டது. டைரக்டர் அம்மாவும் கூட உட்காருவார், நாளுக்கு எட்டு மணி நேரம். பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நல்ல டெஸ்க்டாப்பில். அது என்னால் முடியாது. அப்பா அந்தக் கையை ஆட்டிக்கொண்டிருக்க நான் உள்ளே உட்கார்ந்து நிறம் பார்ப்பதா?

22-ம் தேதி அந்த அம்மாவைப் பார்த்து, வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடப் போகிறேன். வெட்டினவரைக்கும் என் பெயர் போட்டால் போதும். அழுதாகிவிட்டது, நீ ஆறுதல் எழுத வேண்டாம். உன்னை வா என்று சொல்வதற்காகவும் இதை எழுதவில்லை. உனக்குத் தெரியட்டும் என்றுதான்.

கத்தரி


ஏப்ரல் 17

அக்கா,

22-ம் தேதி எதுவும் சொல்லாதே. வாயைத் திறக்காதே. என் போனுக்கு இங்கே சிக்னல் கிடையாது, இதை ஜீப் டிரைவர் நேராகக் கூரியரில் போடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

எனக்குச் சேர்ந்திருக்கும் லீவு அத்தனையும் கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். 26-ம் தேதி வந்து ஜூன் 10 வரை இருப்பேன். என்னோடு டெஸ்க்டாப் துண்டு துண்டாக வரும், பின்னறையில் மாட்டித் தருகிறேன். டிரங்குப் பெட்டிகளை எடுத்துவிட்டு ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி வை. இந்தத் தடவை உன் படத்துக்கு மூன்று நகல், மூன்று இடத்தில். எதைத் தொடுவதற்கு முன்னாலும் உன்னைக் கேட்பேன்.

கஞ்சி ஊட்டுவது எப்படி என்று சொல்லிக் கொடு. முதலில் சிந்துவேன், பொறுத்துக்கொள்ளட்டும் என்று அப்பாவிடம் சொல்லி வை. நீ எழுதிய ப்ராக்ஸி எனக்குப் பிடித்திருந்தது. நான் உன்னுடைய ப்ராக்ஸி. தரம் குறைவுதான், ஆனால் படம் முடிகிறவரை வேலை நடக்கும்.

திருப்புளி


மே 14, முன்னறையிலிருந்து

அக்கா,

கதவைத் தட்டக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாய். அதனால் இதைக் கதவடியில் தள்ளுகிறேன். ஒரே வீட்டுக்குள் கடிதமா என்று டைரக்டர் அம்மா சிரித்தால் சிரிக்கட்டும். அப்பாவுக்கும் இது பழகிவிட்டது, எழுத உட்கார்ந்தால் கவனமாகப் பார்க்கிறார்.

அவர் நலம். இன்றைக்குக் கஞ்சி ஒரு கிண்ணம் முழுக்க. சவரம் செய்துவிட்டேன், மோவாயில் ஒரு கீறல். நீ பார்த்துக் கத்துவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

எழுதுவதற்குக் காரணம் வேறு. காலையில் நீ அவர் சட்டையைச் சரிசெய்துவிட்டு எழுந்தாய். வழக்கம்போல அவர் கையை ஆட்டினார். வழக்கம்போல நீ திரும்பி வந்து, "எங்கயும் போகலப்பா, பக்கத்து ரூம்லதான் இருக்கேன்" என்று அவர் கையைப் பிடித்துக் கீழே வைத்தாய். இரண்டு தடவை போய் இரண்டு தடவை வந்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனாய். பார்த்தேன்.

நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம், அவர் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்த அதே பக்கம். அங்கிருந்து பார்த்தபோது அந்தக் கை எனக்குத் தெரிந்த கை.

பின்னால் வேகமாக ஒரு வண்டி வந்து ஹாரன் அடிக்கும். அப்பா கண்ணாடியில் பார்ப்பார், பஸ்ஸை ஓரம் கட்டுவார், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி இப்படித்தான் முன்னும் பின்னும் ஆட்டுவார். வழி இருக்கிறது, தாண்டிப் போ என்று. அன்றைக்கு வலது கை. இப்போது அது எழவில்லை, இடது கையால் செய்கிறார். நீ பின் ஸீட்டில் இருந்தாய், உனக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை.

அவரிடமே கேட்டேன். "அப்பா, இது பஸ்ஸுல காட்டற கைதானே? பின்னாடி வர்ற வண்டியப் போகச் சொல்றதுதானே?"

என்னையே பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் இருந்தது. இடது கையால் கட்டில் சட்டத்தை இரண்டு தடவை தட்டினார். ஆமாம் என்றால் அப்படித்தானே தட்டுவார்.

அக்கா, அவர் உன்னைப் போகாதே என்று சொல்லவில்லை. இத்தனை மாதமாக உனக்கு வழி விட்டுக்கொண்டிருக்கிறார்.

திருப்புளி


மே 30, பின்னறையிலிருந்து

தம்பி, அப்பா, இரண்டு பேருக்கும்,

தம்பி, இதை அப்பாவுக்குச் சத்தமாகப் படி.

படம் முடிந்துவிட்டது. எழுபத்தோரு நிமிஷம். ஒரு நிமிஷம் கூடுதல், அந்தப் போர்வைப் பெண்ணால். டைரக்டர் அம்மா கடைசிவரை பார்த்துவிட்டு என் தலையில் கை வைத்தார். அடுத்த படத்துக்கும் நான்தான் என்று சொன்னார். கம்ப்யூட்டர் ஒரு தடவைகூடத் திணறவில்லை. நீ டெஸ்க்டாப் என்று சொன்னது சரி. எழுத்தில் கொடுத்துவிட்டேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

உன் மே 14 கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. அன்றைக்கு அரை மணி நேரம் திரையில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று டைரக்டர் அம்மாவிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. பிறகு உட்கார்ந்து வேலை செய்தேன் பார், அவ்வளவு நிம்மதியாக நான் வெட்டியதே இல்லை. மறுநாளிலிருந்து அப்பா கையை ஆட்டும்போது நான் திரும்பி வரவில்லை, கவனித்தீர்களா? நானும் கையைக் காட்டிவிட்டுப் போனேன்.

ஜூன் 10-க்குப் பிறகு நான் என்ன செய்வேன் என்று நீ முந்தாநாள் கேட்டாய். கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் ஜன்னலும் தெரியும், பின்னறைக் கதவும் தெரியும். நிறம் பார்க்காத நாளில் கதவைத் திறந்து வைப்பேன். பார்க்கும் நாளில் சாத்துவேன், இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை வருவேன். பயம் இல்லை இப்போது. அவருக்கு நான் எங்கே இருக்கிறேன் என்பது தெரியும், எனக்கு அவர் என்ன சொல்கிறார் என்பது தெரியும். நீ சவரத்தில் போட்ட கீறல்கள் ஆறுவதற்கும் நாள் வேண்டும்.

நீ வந்ததற்கு நன்றி. கஞ்சி ஊட்டினதற்கு, நான் கட்டி அவிழ்ந்த கறுப்புத் துணியை இரண்டு தடவை திருப்பிக் கட்டினதற்கு, மூன்று நகல் எடுத்ததற்கு, இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்து தொடையைச் சுட்டுக்கொண்டதற்கு. மலைக்குப் போனதும் எழுது. அக்காவுக்கு என்று தனியாக ஒரு வரி சேர்.

அப்பா, நீங்கள் ஓரம் கட்டி வழி விட்டீர்களே, அந்த வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. இதோ கதவைத் திறக்கிறேன்.

கத்தரி